ஒத்திகை பார்த்த கணக்கு

"கேட்டாண்ட நிக்கிறவன் டிஃபரன்ஷியேஷனா கேக்கப் போறான் டீச்சரம்மா? மெஷின்ல கை வெக்கத் தெரியுமான்னுதான் கேப்பான். இவ்ளோ பெரிய கணக்கு எதுக்கு இந்தப் புள்ளைங்களுக்கு?"

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர். நெடுஞ்சாலையோரம் வந்திருந்த கம்பெனிகளுக்கு மணலும் ஜல்லியும் அடிப்பவர். கம்பெனி கேட்டுக்கு வெளியே எத்தனை பையன்கள் வேலைக்காக நிற்கிறார்கள் என்று தினமும் பார்ப்பவர். அவருக்கு நான் அப்போது சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுத மாட்டேன். அவ்வளவு கம்பீரமான பதில். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு எங்கள் வட்டாரப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணித ஆசிரியர்களுக்காக அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். முறைப்படி இதை ஓய்வு பெற்ற ஒருவர்தான் எழுத வேண்டும். அவர் மகன் கல்யாண வேலை என்று நழுவிவிட்டதால் என்னிடம் வந்தது. எனக்கு ஐந்தாண்டு சர்வீஸ்கூட முடியவில்லை. ஆனால் நான் செய்த தவறுகளைப் பார்த்தால் முப்பதாண்டு சர்வீஸ் என்று யாரும் நம்புவார்கள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நான் மறந்துவிட்டாலும் என் டிபன் பாக்ஸ் மறக்காது. அதன் மூடியில் என் பெயரையும், பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி., பி.எட். என்பதையும் பாத்திரக்கடையில் உட்கார்ந்து வெட்டி வாங்கினேன். வெட்டிக் கொடுத்தவர், "சாப்பாடு ஆறிப் போயிடாதாம்மா, இவ்ளோ எழுத்தப் படிக்கறதுக்குள்ள?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அப்படி ஓர் ஆளிடம் உயர்கணிதத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

ஜூன் மாதம். எங்கள் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்த அனுமதி வந்துவிட்டது. பதினோராம் வகுப்பு தொடங்கலாம். ஆனால் இருந்த இடத்துக்கும் ஆட்களுக்கும் ஒரு பிரிவுதான் முடியும். கணிதமும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப்பா, மெஷின் வேலை கற்றுத்தரும் தொழிற்பிரிவா? பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடித் தீர்மானம் போட்டுக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார் தலைமை ஆசிரியர். தன் தலையில் எதையும் ஏற்றிக்கொள்ளாத மனிதர் அவர். அதனால்தான் அவருக்கு இன்னும் முடி கொட்டவில்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

தலைவர் தொழிற்பிரிவு பக்கம். அவருடைய வாதம் சாதாரணமானதல்ல. அவர் பையன் பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்வு மட்டும் மூன்று முறை எழுதித் தோற்றவன். "கணக்கு என் புள்ளைய மூணு வாட்டி வெளிய தள்ளிச்சு. இன்னும் பெரிய கணக்கக் கொண்டாந்து வெச்சா மீதிப் புள்ளைங்களையும் தள்ளும். மெஷினு தள்ளாது" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொன்னேன். சென்னைப் பிள்ளைகள் படிக்கும் கணக்கை நம் பிள்ளைகள் ஏன் படிக்கக் கூடாது, தரத்தைத் தாழ்த்துவது பிள்ளைகளைத் தாழ்த்துவது என்றெல்லாம் ஆசிரியர் அறையில் முழங்கினேன். பேசி முடித்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் முழக்கத்துக்குப் பின்னால் உண்மையிலேயே ஒருத்தி இருந்தாள். கஸ்தூரி. வடக்குப்பட்டுப் பெண். பத்தாம் வகுப்பில் பள்ளியின் முதல் மதிப்பெண். எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, அதற்கு முதல் குரூப் வேண்டும் என்று தானே விசாரித்து வைத்திருந்தாள். முதல் குரூப் எங்களிடம் இல்லையென்றால் காஞ்சிபுரம் போக வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாற வேண்டும். அவள் அப்பா ஏழுமலை, நிலத்தை விட்டுக் கம்பெனியில் லோடிங் வேலைக்குப் போனவர், பஸ் என்ற சொல்லையே காதில் வாங்க மாட்டார். குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாத் தகப்பன்களும் அப்படித்தான் இருந்தார்கள். சாலையில் போலீஸ் இன்னும் குறையவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறேன் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் காலம். ஆகவே கணக்கு எளியது. முதல் குரூப் இங்கே வந்தால் கஸ்தூரி படிப்பாள். வராவிட்டால் வீட்டில் இருப்பாள்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வகைக்கெழு, அதாவது தலைவர் சொன்ன அதே டிஃபரன்ஷியேஷன், சொல்லிக்கொடுத்து, பெற்றோர் முன்னால் கேள்வி கேட்டு, அவர்கள் படபடவென்று பதில் சொன்னால் தலைவர் வாயடைத்துப் போவார். பிள்ளைகளுக்கு விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அடுக்கை முன்னால் கொண்டுவா, அடுக்கில் ஒன்றைக் குறை. பாதிப் பேருக்கு வந்தது. மீதிப் பேருக்கு வரவில்லை.

"இதுக்கா கவலப்படற? இன்ஸ்பெக்ஷனுக்கு இன்னா பண்றோம்?" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. நான் அக்கா என்று கூப்பிடுபவர்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் தெரியாமல் இருக்கலாம். இந்த ஆண்டுக்குள் யாராவது சொல்லித்தருவார்கள், எனவே நானே சொல்லிவிடுகிறேன். கல்வி அதிகாரி பார்வையிட வரும் நாளில் எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. அதிகாரிக்குக் கை காடாகத் தெரியும். ஆசிரியர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். எல்லோரும் கௌரவமாக வீடு போய்ச் சேருவோம்.

நானும் ஒத்திகை பார்த்தேன். பெற்றோர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டாமா? அதனால் வகுப்பின் பின்பக்கம் போய், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டேன். பிள்ளைகளின் முதுகு தெரிந்தது. அவர்கள் வலது பக்கம் என் வலது பக்கம். ஒத்திகை அப்பழுக்கில்லாமல் நடந்தது.

கூட்டத்தன்று பின்பக்கம் பெற்றோர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பலகை அருகே நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்புக்கு ஆய அச்சுகளும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரதிபலிப்பும் நடத்துகிற ஆசிரியை நான். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அனுபவிக்க வேண்டியிருந்தது.

"எக்ஸின் ஏழாம் அடுக்கு. வகைக்கெழு என்ன?"

கைகள் எழுந்தன. அப்படி ஓர் எழுச்சி. பின்னால் ஒரு முணுமுணுப்பு. தலைவர்கூடக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என் வலது பக்கமாக உயர்ந்திருந்த ஒரு கையைக் காட்டினேன். பாபு.

பாபு எழுந்தான். என்னைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"சரி, நீ உட்கார். நீ சொல்லும்மா" என்று இன்னொரு கையைக் காட்டினேன். அந்தப் பெண் எழுந்து தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவதாக ஒருவனைக் காட்டினேன். அவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் பாபுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், நாங்கல்லாம் லெஃப்ட்டு தூக்கிக்கினு கீறோம் டீச்சர்! உங்க ரைட்டு எங்களுக்கு லெஃப்ட்டு!"

பின்பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. பெற்றோரில் பாதிப் பேர் இதே பள்ளியில் ஓரிரு வகுப்பாவது படித்தவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க காலத்துலயே இது கீதுடி" என்றார். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எதையும் பார்க்க விரும்பாதபோது அவர் செய்வது அது.

தலைவர் எழுந்தார். "டீச்சரம்மா, ரைட்டு எது லெஃப்ட்டு எதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க. அப்பால ஏழாவது மாடிக்கு ஏறலாம்."

நான் சிரிக்க முயன்றேன். அப்போது பின்வரிசையில் ஏழுமலை எழுந்தார். ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தார், கம்பெனிச் சட்டையோடு. "வா கஸ்தூரி, போலாம்" என்றார். கோபமில்லை. முடிந்துவிட்டது என்ற குரல்.

அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கஸ்தூரியை எழுப்பினால் அவள் சரியாகச் சொல்வாள், கொஞ்சம் மானம் மிஞ்சும். "கஸ்தூரி, நீ சொல்லிட்டுப் போம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவள் எந்தக் கையையும் தூக்கியிருக்கவில்லை. இரண்டும் மடியில் இருந்தன.

"ஏழு எக்ஸ் பவர் ஆறு டீச்சர்" என்றாள்.

"அப்புறம் ஏன் கை தூக்கல?"

"பதில் தெரியும் டீச்சர். அது இன்னான்னு தெரியல. ஏழு எக்ஸ் பவர் ஆறுன்னா இன்னா டீச்சர் அது? எதுக்கு வருது? அதான் எந்தக் கைய தூக்கறதுன்னு தெரியாம உக்காந்துனு இருந்தேன்."

இந்தக் கேள்வியை அவள் வகுப்பில் கேட்டிருந்தால், போர்ஷன் முடிக்க வேண்டும், உட்கார் என்றிருப்பேன். அன்று அதைச் சொல்ல வழியில்லை. ஏழுமலை வாசலருகே நின்று மகளுக்காகக் காத்திருந்தார். அவர் நிற்கும்வரைதான் எனக்கு நேரம். தயாரித்து வைத்திருந்த மீதிக் கேள்விகளை விட்டுவிட்டேன். இதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வேறு வழி இல்லாததால் செய்தது.

பலகையில் ஒரு பஸ் வரைந்தேன். ஓவியமும் எனக்கு வராது. சத்திரம் போகிற பஸ் என்று கீழே எழுதினேன், பசுமாடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். ஆனால் பஸ் நின்று நின்று போகிறது. இந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது மட்டும் என்ன வேகம்? ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். பிறகு ஒரு நொடி. பிறகு அரை நொடி. நேரம் சுருங்கும், தூரமும் சுருங்கும், வகுத்து வருகிற எண் மட்டும் ஓரிடத்தை நெருங்கிக்கொண்டே போகும். அதுதான் வகைக்கெழு.

"கடைசில நேரமே இல்லன்னா டீச்சர்?" கஸ்தூரி விடவில்லை. "நேரமும் சைபர், தூரமும் சைபர். சைபர சைபரால வகுக்கக் கூடாதுன்னு எட்டாவதுல நீங்கதானே தலையில கொட்டிச் சொன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கே வந்தார். "இன்னாமா பேசற? மீட்டரு காட்டுதே! முள்ளு அம்பதுல நின்னா வண்டி அம்பதுல போவுது. இதுக்கு ஒரு கணக்கா?"

"அந்த நொடில வண்டி எங்க போவுது தலைவரே? அங்கயேதான கீது?" என்றார் பெஞ்சு ஓரத்தில் இருந்த ஒரு அம்மா. சத்திரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். "ஓடற பஸ்ஸ போட்டோ புடி. போட்டோல நிக்கத்தான நிக்குது?"

"போட்டோல நிக்கும். ரோட்ல ஓடும்."

"ரோட்லயும் அந்த நொடி நிக்குது."

"நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சிருப்பாம்மா!"

"அவனும் அந்த நொடி நிக்கறான்ல!"

அதற்கு மேல் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாபு எழுந்து நின்று, பந்து மேலே போய்த் திரும்பும்போது நிற்குமா நிற்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தலைவர் தன் லாரி டிரைவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். இவ்வளவு பெரிய கணக்கு எதற்கு என்று தீர்மானிக்க வந்த கூட்டம், யாரும் கேட்காமலே அந்தக் கணக்குக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, என் வகுப்பைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. நிற்கிறதா, ஓடுகிறதா, சைபரைச் சைபரால் வகுக்கலாமா, கூடாதா? சொல்லுங்க டீச்சர்.

எனக்குத் தெரியவில்லை. நெருங்குகிறது என்று சொல்லத் தெரியும். நெருங்குவது என்றால் உண்மையில் என்ன, அதை எப்படி ஐயமில்லாமல் நிறுவுவது என்று தெரியாது. கல்லூரியில் அதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. அதைச் சாய்ஸில் விட்டுவிட்டுத்தான் முதல் வகுப்பில் தேறினேன்.

"எனக்கு இதுவரைக்கும்தான் தெரியும்" என்றேன்.

தலைமை ஆசிரியர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா? டீச்சருக்கே தெரியாத கணக்கு புள்ளைங்களுக்கு எதுக்கு?" என்றார் தலைவர். நியாயமான கேள்வி.

வாசலில் நின்றிருந்த ஏழுமலை பேசினார். "தெரியலன்னு சொல்லிட்டாங்க, வுடு தலைவரே. தெரிஞ்சிக்கினு வந்து சொல்லுவாங்களான்னு கேளு." பிறகு நேராக என்னிடமே கேட்டார். "இன்னா டீச்சர், கத்துக்கினு வந்து என் பொண்ணுக்குச் சொல்லுவீங்களா? சும்மா சொல்லக் கூடாது."

"சொல்லுவேன்."

"அப்ப இங்க அந்த குரூப்பு வந்தா இவ பேர எழுதிக்கோங்க. பஸ்ல மட்டும் ஏத்தி வுட மாட்டேன்." ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கஸ்தூரி போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலான கைகள் முதல் குரூப்புக்கு எழுந்தன. அடுத்த ஆண்டு தொழிற்பிரிவும் கேட்டு வாங்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்த பிறகு தலைவரும் தூக்கினார். எந்தக் கை என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். காலாண்டுத் தேர்வில் பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் தோற்றார்கள். பாபு சேரவே இல்லை. ஐ.டி.ஐ. போனான், சந்தோஷமாக இருக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலைவர் சொன்னதில் பாதி சரி என்று நினைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி தவறு என்பதை அன்றைய கூட்டத்தில் அவரே கத்திக் கத்திக் காட்டிவிட்டார்.

பள்ளிக் கணக்கு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று உங்களையும் கேட்பார்கள். நிறையக் கூட்டங்கள் நடக்கப் போகின்றன. இன்னும் கம்பெனிகள் வரும் என்கிறார்கள், ஒரகடம் பக்கம்கூட வரும் என்கிறார்கள். அவரவர் தேவைக்கேற்ற தரத்தைக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் எவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது என்று மட்டும் எண்ணாதீர்கள். பிள்ளை 'இது என்ன' என்று கேட்க அந்த வகுப்பில் நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரம் இல்லையென்றால் சின்னக் கணக்கும் வீண். இருந்தால் பெரிய கணக்குக்குப் பயப்பட வேண்டாம். உங்களுக்கே தெரியாத இடம் வரும். வரட்டும். அப்புறம், ஒத்திகை பார்க்காதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால் நிற்கிற இடத்தை மாற்றாதீர்கள்.

நான் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி.க்குச் சேர்ந்துவிட்டேன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. போன வாரம் முதல் வகுப்பு, நான் சாய்ஸில் விட்ட அதே பாடம். பேராசிரியர் 'நெருங்குவது' என்பதற்கு நான்கு வரியில் விளக்கம் எழுதிப் போட்டார். மூன்று முறை படித்தும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை முதல் பீரியடில், வாக்குக் கொடுத்தபடி, அந்த நான்கு வரியையும் பலகையில் எழுதினேன். கஸ்தூரி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எனக்கு ரெண்டு டவுட்டு கீது டீச்சர்" என்றாள்.

எனக்கு ஒன்றுதான் இருந்தது. மூன்றையும் வரிசையாக எழுதி, பேராசிரியர் முகவரிக்கு அன்று மாலையே தபாலில் சேர்த்துவிட்டேன். கேட்பவர்கள் யார் என்று கடைசியில் எழுத வேண்டியிருந்தது. முதலில் அவள் பெயரைப் போட்டேன்: கஸ்தூரி, பதினோராம் வகுப்பு, கணிதப் பிரிவு.